முதற்கதிரை ஆள் இன்னும் வரவில்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதித் தரும்படி, அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த மயூரி கேட்டாள். நாலு வரியில் நான் ஒரு லீவுக் கடிதம்கூட எழுதியவள் இல்லை. ஆகவே கதிரையை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். இருபத்தைந்து வருடம் கொழும்பிலும், மிச்சக் காலம் ஊர்காவற்றுறையில் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கும் நம்முடைய இந்த அலுவலகத்திலும் புரோகிராம்களோடு மல்லுக்கட்டிவிட்டு, போன வைகாசியோடு ஓய்வு பெற்றேன். இப்போது நாரந்தனையில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். அவை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை, நானும் அவற்றிடம் ஒன்றும் கேட்பதில்லை. நல்ல உறவு.

புரோகிராம் எழுத உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் சொல்ல வந்தது, ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் நடுவழியில் நின்றுவிடுவதைப் பற்றி. விழுந்து செத்துப்போனால் பிரச்சினை இல்லை, ஏன் செத்தது என்று ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும். இது சாகாது. வேலையும் செய்யாது. கண்ணைத் திறந்துகொண்டு நிற்கும்.

இப்படி நிற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பது. மற்றது, யாரோ வருவார்கள், ஏதோ தருவார்கள் என்று பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துகொண்டு என் கணவர் "ஓம், ஓம், கேக்குது" என்று சொல்லும்போது உள்ளே எது நடக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

புரோகிராம் நின்றவுடன் எல்லாருடைய கையும் ஒரே இடத்துக்குத்தான் போகும். நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவிடுவது. என் கையும் அப்படிப் போன கைதான். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கப்பல் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் புரோகிராம் ஒன்று ஒரு நாள் நின்றது. நான் அதை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். ஓடியது. எனக்கு என்னைப் பற்றிப் பெரிய எண்ணம் வந்தது. எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அம்மையார் வந்து பக்கத்தில் இருந்து, "நிக்கும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று மட்டும் கேட்டார். அதைப் பார்க்காமலேதான் நான் நிறுத்தியிருந்தேன். அடுத்த கிழமை அதே இடத்தில் அது திரும்ப நின்றது, இந்த முறை துறைமுகத்தில் கப்பல் பத்திரங்களுக்காகக் காத்து நிற்கும்போது. ஆளைக் கொன்றுவிட்டால் பிறகு யாரிடம் போய் விசாரிப்பது? அந்தப் பாடம் எனக்கு அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மீதிப் பாதியை மடத்துவெளியில் ஒரு கலியாண வீட்டில் படித்தேன்.

எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் இப்போது ஒரு கலியாணம் என்றால் பாதிச் சனம் மண்டபத்தில் இருக்கும், மற்றப் பாதி லண்டனில், சுவிஸில், நோர்வேயில் இருக்கும். வெளியில் இருப்பவர்களுக்குக் கலியாணத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. தாங்கள் வந்திருப்பதைச் சபையும் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் நாங்கள் 'சபை' என்ற புரோகிராமை எழுதினோம். இங்கே நடப்பது அவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய முகங்கள் மண்டபத்தின் பெரிய திரையில் வரிசையாகத் தெரியும்.

அந்த வரிசையில்தான் சனியன் ஏறியது. முதல் கலியாணத்தில் யார் முதல் நுழைந்தார்களோ அவர்களுடைய முகம் மேலே வந்தது. நோர்வேயில் இருந்த ஒரு மாமியின் முகம் கீழ் வரிசை மூலைக்குப் போய்விட்டது. மூன்று மாதம் அந்தக் குடும்பத்தில் வேறு கதை இல்லை. "என்னைக் கொண்டுபோய் குசினி அடுப்படிக்குள்ள இருத்திப்போட்டியள்" என்று எங்கள் அலுவலகத்துக்கே போன் எடுத்துப் பேசினார். அதன்பிறகு நானும் மயூரியும் யோசித்து ஒவ்வொருவருக்கும் இலக்கம் போட்ட கதிரை வைத்தோம். வீட்டுக்காரர் தரும் பட்டியல்படி முதலாவது கதிரை ஆள் வந்து இருந்தபிறகு இரண்டாவது ஆள், பிறகு மூன்றாவது. முதற்கதிரை நிரம்பினால்தான் சபை தொடங்கும், படமும் குரலும் அங்குமிங்கும் போகும். இரண்டு கலியாணம் இந்த ஒழுங்கில் வெகு சிறப்பாக நடந்தன. ஒருவரும் கோபிக்கவில்லை. எங்கள் ஊரில் அதுவே ஒரு சாதனை.

இந்த ஒழுங்கில் மூன்றாவது, ஆரணியின் கலியாணம். ஆரணி தானே எங்கள் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள். அவளுடைய தகப்பன் சிவநேசன் சுவிஸில் இருந்தார். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது போனவர். அங்கே இருக்க அவருக்கு அனுமதி உண்டு, வெளியே போய்வர அனுமதி இல்லை. அவர் ஊரைத் திரும்பிப் பார்க்க முதலே அவருடைய பிள்ளை கலியாணப் பெண்ணாகி நின்றாள்.

"அக்கா, தாலியைத் தட்டில வைச்சுப் பெரியாக்களிட்டக் காட்டி ஆசி வாங்குவினமெல்லோ? அதை அப்பாவிட்டயும் காட்டவேணும்" என்றாள். "அவர் பாத்து ஓம் எண்டு சொல்லவேணும். சொல்லாமல் எனக்குத் தாலி ஏறக்கூடாது. ஐயரிட்டயும் சொல்லிப்போட்டன். அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான்."

"அதுக்கென்ன பிள்ளை, நான் பொறுப்பு" என்று சொன்னேன். வாய் கொழுத்துச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலியாணத்தன்று விடிய மண்டபத்துக்குப் போய்விட்டோம். நாற்பத்துமூன்று வீடுகள் பட்டியலில் இருந்தன. ஒவ்வொரு வீட்டையும் போனில் பிடித்து, இணைப்பைத் திறக்கவைத்து, வாசல்வரை கொண்டுவந்து நிறுத்த மயூரிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. "மாமா, அந்தப் பச்சைப் பொத்தானை இப்ப அமத்த வேண்டாம். நாங்கள் சபையைத் திறந்தவுடனே அமத்துங்கோ. இல்லை மாமா, அது உங்கட போன் பற்றரி." இப்படியே நாற்பத்துமூன்று தடவை. சுபநேரம் பத்து நாற்பதுக்கு முடிகிறது. பத்து ஐந்துக்கு நான் சபையைத் திறந்தேன்.

திரையில் 'சபை கூடுகிறது' என்று வந்தது. அப்படியே நின்றது.

ஒரு நிமிடம் பார்த்தோம். இரண்டு நிமிடம் பார்த்தோம். மடிகணினியில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசைவில்லை.

"அக்கா, நிண்டிட்டுது" என்றாள் மயூரி. அவளுடைய விரல் எல்லாருடைய கையும் போகும் அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதில் ஒரு அடி போட்டேன்.

"கையை எடும்."

"எடுக்கிறன் அக்கா. ஆனா நேரம்?"

நேரத்துக்காகத்தான் அடித்தேன். நிறுத்திவிட்டுத் தொடங்கினால் நாற்பத்துமூன்று வீடும் வாசலுக்கு வெளியே போய்விடும். அவர்களைத் திரும்பக் கூட்டிவர ஒன்றேகால் மணித்தியாலம். கையில் இருந்தது அரை மணித்தியாலம். அதைவிட, ஏன் நின்றது என்று தெரியாமல் தொடங்கினால் திரும்பவும் அதே இடத்தில் நிற்காது என்று யார் சொன்னது?

மணவறையில் இருந்து ஐயர் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளையள், சுவிஸ் வந்திட்டுதோ?"

"வருது ஐயா."

"கெதியா வரச் சொல்லுங்கோ. நாள் நட்சத்திரம் இன்ரநெற்றுக்கு நிக்காது."

முதலில் மடிகணினியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடில்லை. உள்ளே இருக்கும் விசிறியின் சத்தமும் இல்லை. சுற்றிச் சுற்றி ஓடும் புரோகிராம் என்றால் இந்நேரம் அதில் தோசை சுடலாம். ஆகவே இது காத்திருக்கும் வகை. காத்திருக்கிறது என்றால் யாருக்காகவோ காத்திருக்கவேண்டும். யாரென்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமல், அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று உள்ளே பார்க்கும் கருவிகள் உங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. எப்படிப் பாவிப்பது என்று கையேட்டில் பாருங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல வேலையாட்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சபைக்குள் ஒன்பது பேர். ஒருவர் படம் அனுப்ப, ஒருவர் குரல் அனுப்ப, ஒருவர் எங்கள் பொத்தான்களைக் கவனிக்க, இப்படி. எட்டுப் பேரும் பூட்டைத் திறக்கும் ஒரே திறப்பைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தத் திறப்பு ஒன்பதாவது ஆளிடம் இருந்தது. வீட்டுக்காரி அலுமாரித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படலையடியில் போய் விருந்தாளி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றால் உள்ளே ஒருவருக்கும் ஒரு கோப்பை எடுக்க முடியுமா? அதுதான் நடந்தது. அந்த ஒன்பதாவது ஆள் முதற்கதிரை நிரம்பும்வரை நகரப்போவதில்லை.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். இந்தப் பகுதியை எழுதும்போது மயூரி என்னிடம் கேட்டாள்: "முதற்கதிரை ஆள் வராட்டி எவ்வளவு நேரம் பாக்கிறது அக்கா? ஒரு எல்லை போடுவமோ?" நான் அவளைப் பார்த்து, "மூத்த ஆள் வராமல் பந்தி வைக்கிறதோ? உமக்கென்ன விசரா?" என்று கேட்டேன். எல்லை போடவில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் இதை எழுதியிருந்தால் முப்பது விநாடி என்று போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பான். நான் நாரந்தனைக்காரி. பெரியவருக்கு நேரம் குறிக்க எனக்குக் கை வரவில்லை. முந்திய இரண்டு கலியாணத்திலும் இந்தப் பிழை வெளியில் தெரியாமல் போனதற்கும் அதே மரியாதைதான் காரணம். முதற்கதிரைக்காரர் இருவரும் பஸ்ஸுக்கே ஒரு மணித்தியாலம் முதல் போய் நிற்கும் பழைய மனிதர். நாங்கள் சபையைத் திறக்க முதலே பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

மண்டபத்தில் மயூரி அதை எனக்கு நினைவுபடுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நல்ல பிள்ளை.

மணி பத்து பதின்மூன்று. எனக்கு ஒரு வழி தெரிந்தது. அதே கருவியால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் கையை விட்டு, முதற்கதிரை நிரம்பிவிட்டது என்று நானே எழுதிவிடலாம். ஒரே ஒரு வரி. எழுதியும்விட்டேன். என்டர் பொத்தானை மட்டும் தட்டவில்லை. ஆளில்லாத கதிரையில் ஆள் இருப்பதாகச் சொன்னால், அடுத்த கணமே புரோகிராம் அந்த ஆளுடைய படத்தைக் கேட்கும். இல்லாத ஆளின் படத்துக்கு எங்கே போவது? விழுந்தால் எல்லாம் விழும். விழாமலும் போகலாம். பூவா தலையா என்று பார்க்க அது என் வீட்டுக் கலியாணம் இல்லை.

"ஆள் உண்மையில வரேல்லையோ எண்டு முதல் பாப்பம்" என்றேன். திரும்ப உள்ளே பார்த்தேன். அப்போதுதான் விசயம் புரிந்தது. முதற்கதிரை ஆளின் இணைப்பு உயிரோடு இருந்தது. நாலு விநாடிக்கு ஒரு தடவை அவருடைய பக்கத்தில் இருந்து 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று தட்டு வந்துகொண்டே இருந்தது. இணைப்பு அறுந்திருந்தால் கதிரை தானாகவே அடுத்தவருக்குப் போயிருக்கும். ஆள் வராமல் இல்லை. வாசலில் நிற்கிறார். பொத்தானை அழுத்தவில்லை. நான் எழுதிய வரியை அழித்தேன்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆரணியின் தாய் கொப்பித் தாளில் எழுதித் தந்தது. ஒன்று, பெரியப்பா, லண்டன். இரண்டு, அப்பா, சுவிஸ். லண்டன் வீட்டில் மயூரி காலையில் போனில் பிடித்தது பெரியப்பாவின் மகளைத்தான். நான் தாயைக் கூப்பிட்டு, பெரியப்பாவின் சொந்தப் போன் இலக்கத்தைக் கேட்டேன். தாயின் முகம் மாறியது.

"அவர் எடுக்கமாட்டார் அக்கா. எங்களோட கதைக்கிறேல்லை."

"கதைக்காத ஆளை ஏன் முதலாவதாப் போட்டனீர்?"

"ஆரணியின்ர அப்பாவின்ர தமையன். அவற்ற மகளின்ர கலியாண அழைப்புக் காட்டில இவற்ற பேர் விடுபட்டுப் போச்சு. அச்சடிச்ச ஆக்கள் விட்ட பிழை. அவர் போன் எடுத்துச் சொல்லட்டும் எண்டு இவர் இருந்தார். இவர் எடுத்துக் கேக்கட்டும் எண்டு அவர் இருந்தார். பதினொரு வருசம் அக்கா." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். "பக்கத்துப் பக்கத்துக் கதிரையில போட்டால் ஒரு சொல்லாவது கதைப்பினம் எண்டு நினைச்சன். இவருக்கும் நான் சொல்லேல்லை."

பதினொரு வருடம் நின்றுபோய் இருக்கும் ஒன்றை நான் என் சேவைக் காலத்தில் கண்டதில்லை. அதைச் சொல்லிச் சிரிக்க அது நேரம் இல்லை. இலக்கத்தை வாங்கி என் போனில் இருந்து எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வணக்கம் அண்ணை. மடத்துவெளி மண்டபத்திலயிருந்து கதைக்கிறன். படம் காட்டுற ஆக்கள்."

"சொல்லும் பிள்ளை. விடிய முதலே வேட்டி சால்வையெல்லாம் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறன். படம் ஒண்டையும் காணேல்லை."

"பச்சையா ஒரு பொத்தான் தெரியுதோ அண்ணை?"

"தெரியுது. 'வாறன்' எண்டு எழுதிக் கிடக்கு. அதுக்கு மேல ஒண்டு எண்டு இலக்கமும் கிடக்கு."

"அதை ஏன் அமத்தாமல் இருக்கிறியள்?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பொம்பிளையின்ர தகப்பன் இருக்கேக்கை நான் எப்பிடிப் பிள்ளை ஒண்டாவதாப் போய்க் குந்திறது? அழைப்புக் காட்டில அவன்ர பேரை விட்ட ஆள் நான். இப்ப அவன்ர வீட்டுச் சபையில அவனுக்கு முன்னுக்குப் போய் இருக்கிறதோ? அவன் முதல் வரட்டும். அவன் இருந்த பிறகு நான் ஒரு மூலையில வந்து இருக்கிறன்."

"அவருக்கு வர ஏலாது அண்ணை. ரெண்டாவது கதிரைதான் அவற்றது. நீங்கள் உள்ள வந்தாத்தான் அவருக்குக் கதவு திறக்கும்."

"அவன் வந்திட்டானோ?"

"சபை திறந்த உடனேயே அமத்திப்போட்டு நிக்கிறார். உங்களுக்குப் பின்னால."

"எனக்குப் பின்னாலயோ?" குரல் இறங்கிவிட்டது. "முன்னுக்கு நிக்கிறது நான்தான் எண்டு அவனுக்குத் தெரியுமோ?"

தெரியும். காத்திருப்பவர்களின் திரையில் அவர்களுக்கு முன்னால் யார் என்று பெயர் வரும்படி நாங்கள்தான் செய்திருந்தோம். அதைச் சொன்னபோதுதான் இன்னொன்றும் என் மண்டையில் உறைத்தது. பத்து நிமிடமாகத் தமையனின் பெயரைப் பார்த்தபடி அந்த மனிதர் நிற்கிறார். மற்ற வீடுகளில் இருந்து எனக்கும் மயூரிக்கும் பத்துப் பதினைந்து அழைப்புகள் வந்துவிட்டன. சுவிஸில் இருந்து ஒன்றுகூட வரவில்லை. மகளின் தாலிக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும்போது "என்னை முதல் விடுங்கோ" என்று அவர் கேட்கவில்லை.

"தெரியும் அண்ணை" என்றேன். "உங்கட பேரைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறார். ஒண்டும் சொல்லேல்லை."

"கொஞ்சம் பொறும் பிள்ளை. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு அமத்துறன்."

நான் உங்களுக்கு எழுத வந்த விசயம் இவ்வளவுதான். கருவி எனக்கு யாருக்காகக் காத்திருக்கிறது என்று சொன்னது. ஏன் என்று அது சொல்லாது. ஏனென்று தெரியாமல் நான் என்டரைத் தட்டியிருந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் சுவிஸ் வந்திருக்கும், கலியாணம் நடந்திருக்கும். நானும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருப்பேன். லண்டனில் ஒரு மனிதர் வேட்டி சால்வையோடு வாசலில் நின்றுகொண்டே இருந்திருப்பார். பிறகு நாங்கள் அந்தப் பிழையைத் திருத்தினோம். இப்போது திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் காத்திருப்பதில்லை. மூன்று நிமிடம் கதிரை நிரம்பாவிட்டால், 'இன்னார் வாசலில் நிற்கிறார், போன் எடுத்துக் கேளுங்கள்' என்று எங்கள் திரையில் வரும். தானாக ஒருவரையும் தாண்டிப் போகாது. அந்த வரியை நீக்கவேண்டும் என்று உங்களில் யாருக்காவது கை துருதுருத்தால் முதலில் நாரந்தனைக்கு வந்து என்னைக் கண்டுவிட்டுச் செய்யுங்கள்.

பத்து பத்தொன்பதுக்குத் திரை நிறைந்தது. மேல் வரிசையில் முதலாவதாகப் பெரியப்பா, பட்டுச் சால்வை தோளில். பக்கத்தில் சிவநேசன். பிறகு மாமிமார், சித்தப்பாமார், பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு நின்ற பிள்ளைகள், கமராவுக்கு மிகக் கிட்டப் போய் மூக்கை மட்டும் காட்டிய ஒரு கிழவர். மண்டபமே கைதட்டியது. சகோதரர் இருவரும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். திரையில் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க முடியாது என்பது அவர்களுக்கு அன்று வசதியாக இருந்திருக்கும்.

ஆரணி கூறைச்சேலை மாற்றிக்கொண்டு வந்து மணவறையில் இருந்தாள். தாலித் தட்டு மண்டபத்துப் பெரியவர்களிடம் ஒரு சுற்றுப் போய், கடைசியில் எங்கள் கமராவுக்கு முன்னால் வந்தது. மணி பத்து முப்பத்துமூன்று. ஐயர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சிவநேசன், தாலி ஏறலாமோ?"

"முதல் அண்ணையிட்டக் காட்டுங்கோ" என்றார் சிவநேசன்.

தட்டை வைத்திருந்த தாய்மாமனுக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. இருந்ததோ ஒரு கமரா. ஆரணியின் தாய் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

பெரியப்பா செருமினார். "உன்ர பிள்ளையடா, நேசன். நீ சொல்லு."

சிவநேசன் வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். வாய் பாதி திறந்தபடி, கண் ஒரே இடத்தில், முகத்தில் ஒரு அசைவு இல்லை. பக்கத்துப் படங்கள் எல்லாம் அசைகின்றன, இது மட்டும் நிற்கிறது. ஐயர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். மயூரி என் காதுக்குள் குனிந்தாள்.

"அக்கா, சுவிஸ் நிண்டிட்டுது. இன்னும் நாலு நிமிசம்தான் கிடக்கு. அவரை மட்டும் வெளியில எடுத்துத் திரும்ப விடட்டோ?"

வெளியே எடுத்துத் திரும்ப விட ஒரு நிமிடம் போதும். செய்யலாம். அந்தப் படத்தைப் பார்த்தேன். பிறகு அதற்குக் கீழே ஓடும் குரல் கோட்டைப் பார்த்தேன். மிகச் சிறிதாக, ஒழுங்கில்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நிக்கேல்லை மயூரி. ஆள் அழுகிறார். விடும்."

மயூரி விரலை எடுத்தாள். ஐயர் ஒலிவாங்கியைக் கீழே இறக்கிக்கொண்டார். ஆரணி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பத்து முப்பத்தெட்டு ஆகியிருக்கும்.

"ஓம்" என்றார் சிவநேசன். ஆரணி தாலிக்குத் தலை குனிந்தாள்.